சனிக்கிழமை வாங்கிய சிலிண்டர்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார் ஒன்று இருக்கிறது. மேலே தகரக் கூரை கிடையாது, கித்தான் துணிதான். அதுவும் மழை வந்தால் என் பக்கம் மட்டும் ஒழுகும். வயது ஐம்பதுக்கு மேல். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடியே பல வருஷம் ஆகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கார்ப் பைத்தியங்கள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து, "விக்கிறீங்களா மேடம்?" என்று வாசலில் நிற்பார்கள். ஏற்கெனவே நிறையப் பேர் நின்றாயிற்று.

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் கணவர் அதை வாங்கினார். மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை அவருக்கு. சித்தூரில் எல்லாரும் மனை வாங்கிப் போட்ட காலம் அது. இவர் யாரோ ஒரு தோட்டக்காரரின் கோழிப் பண்ணையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த இதைக் கண்டுபிடித்து, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு பேசினேன், பேசியதெல்லாம் திட்டு. வண்டி ஓட ஆரம்பித்ததும் ஒரு நாள் என்னை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கும் திட்டினேன், ஆனால் காருக்குள் உட்கார்ந்து திட்டினேன்.

நான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் நகரிப் பக்கம். வாய் நீளம் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். இந்தக் காருக்கு அந்த வாய் ரொம்ப உதவியாக இருந்திருக்கிறது. உதிரிப் பாகம் தேடிக் கடை கடையாக ஏறுவது இவர், பேரம் பேசுவது நான்.

இந்த மாதிரி வண்டிக்குப் பாகம் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் முதலில் சிரிப்பார். பிறகு டீ சொல்லி அனுப்புவார். டீ குடிக்கும்போது அவருக்கு யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். அதன் ஃபேன் பெல்ட் ஒரு மாவு மில்லில் கிடைத்தது. ரேடியேட்டர் குழாய் டிராக்டருடையது. கதவோரத்து ரப்பர், பழைய ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்ட ஒருவர் கொடுத்தது. வைப்பர் ஆட்டோவிலிருந்து வந்தது. ஹாரன் லாரியுடையது. அந்தச் சின்ன வண்டி ஒரு தடவை கத்தினால் முன்னால் போகிற பஸ்காரர் திடுக்கிட்டு ஓரம் கட்டுவார். நான் கோபக்காரி, ஒப்புக்கொள்கிறேன். நன்றி கெட்டவள் இல்லை. அந்த மாவு மில்காரர் வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் சுட்ட அதிரசம் போகிறது.

போன வருஷம் திருப்பதியில் கண் டாக்டரம்மா இவரை ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லிச் சோதித்தார். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே, இவர் அழுத்தாமல் விட்டது நிறைய என்று புரிந்தது. கண்ணில் நீர் அழுத்தமாம். ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். நேராகப் பார்ப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார்.

"வண்டி ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டறேன் டாக்டர்."

"ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் எடுப்போம். அது வரைக்கும் பகல்ல மட்டும், மெதுவா, கூட ஆள் வச்சுக்கிட்டு ஓட்டுங்க. அதுக்கு அப்புறம் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். மனசைத் தயார் பண்ணிக்கங்க."

திரும்பி வரும்போது பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த டெஸ்ட்டுக்கு நம்ம வண்டியில வரலாம். நானே ஓட்டிக்கினு வரேன். அத்தோட விட்டுடறேன். நீ சண்டை போட வேணாம்."

நான் ஏன் சண்டை போடப் போகிறேன்? சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆசைப்பட்டதெல்லாம் சரிதான். வண்டிக்கு பிரேக் இல்லை. மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். சித்தூரில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார். பெரிய சாமான் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புக் குடுவை, உள்ளே ரப்பர். நாம் மிதிப்பதை நாலு சக்கரத்துக்கும் கொண்டு போய்ச் சேர்ப்பது அதுதான். அது இல்லாமல் கார் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று போனில் தேடினேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சரியாக இருந்தது. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து சாமானைப் போல மூன்று மடங்கு. அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். எப்போது வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று எழுதினார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டே மாதம்.

இவருக்கு ஒரு ரகசியம் தெரியும். அந்தக் காலத்தில் மெட்ராஸில் செய்த நாலு கதவு குடும்பக் கார் ஒன்று உண்டு. அதுவும் எங்கள் வண்டியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. மேலே பார்த்தால் சம்பந்தமே இருக்காது. அடியில் பிரேக், முன் சக்கரம் எல்லாம் ஒன்றுதான். ஆகவே அந்த நாலு கதவு காரைத் தேடிக் கிளம்பினோம். வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி என்று மூன்று வாரம் பஸ்ஸில் அலைந்தோம். டீ நிறையக் குடித்தோம். கடைசியாக ஒரு டீக்கடை ஞாபகம் திருப்பதிக்குள் நுழைவதற்கு முன்னால், பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய சாமான் கடைக்கு வழி காட்டியது. அன்றைக்கு இவருக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன்.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்துக்காரர் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"இன்னா வண்டிம்மா?"

"பழைய நாலு கதவு வண்டிங்க. மெட்ராஸ் வண்டி." ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விலைக்கு இறக்கை முளைத்துவிடும். கண் விஷயத்தையும் சொல்லவில்லை. அவசரம் என்று தெரிந்தால் எவன் குறைப்பான்? முப்பது வருஷ பேரப் புத்தி எனக்கு.

அவர் உள்ளே போய், கோணிகளைப் புரட்டி, மெழுகுத் தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார். பிரித்தால் அதேதான். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க இருமினேன்.

"உடம்பு பழைய ஸ்டாக்கு, வண்டியில மாட்டவே இல்ல. உள்ள ரப்பர் மட்டும் நானே புதுசு போட்டுக்கீறேன். ஆனா இன்னிக்கு சனிக்கெழம. இரும்பை வூட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்டாங்களேம்மா. நாளைக்கு வாயேன்."

"நாளைக்குள்ள வேற யாராவது எடுத்துக்கினு போயிட்டா?"

"யாரும்மா வரப் போறாங்க? இருபது வருசமா தூங்கிக்கினு கீது." சிரித்தார். நான் விடவில்லை. அவர் கேட்ட விலையே குறைவு. அதிலும் பேரம் பேசினேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "பிரேக் ஆயிலத் தவிர வேற எந்த எண்ணெயும் இதுல படக் கூடாதும்மா. பட்டா ரப்பர் கெட்டுப் போவும்." சரிங்க சரிங்க என்று பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கிழமை உறைத்தது. இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. கண்ணே அதனால்தான் என்று ஜோசியர் சொல்லி, நானும் மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்காக, சனிக்கிழமை பார்த்து, இரும்பை வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறேனே! கணக்கு டீச்சர்தான். ஆனால் புருஷன் கண் என்று வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

சனிக்குப் பரிகாரம் எள் எண்ணெய். மறுநாள் விடியற்காலையில், இவர் எழுவதற்கு முன்னால், அந்தச் சிலிண்டரைத் தாம்பாளத்தில் வைத்தேன். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன், பிளாஸ்டிக்குக்கு எதற்கு அபிஷேகம் என்று. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை மூன்று கரண்டி ஊற்றினேன். மனதார வேண்டிக்கொண்டேன். பிறகு வெளியே பளபளவென்று துடைத்து, மூடியைப் போட்டு, குங்குமம் வைத்து மெழுகுத் தாளிலேயே சுற்றி வைத்துவிட்டேன். இவர் இதையெல்லாம் கேலி செய்வார். அதனால் சொல்லவில்லை.

மெக்கானிக் மாட்டினார். பெடல் கல் மாதிரி நின்றது. இவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். தினமும் காலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்று சுற்றுவார்.

ஐந்தாம் நாள் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. காலை எடுத்தார், பிரேக் விடவில்லை. சக்கரங்கள் நாலும் பிடித்துக்கொண்டன. பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் நின்று அலறியது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் மறுபடி கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் ஊறின உளுந்து மாதிரி உப்பிப் போயிருந்தது. "டூப்ளிகேட் ரப்பர் மேடம். மோசம் சேசேசினாடு" என்றார் அவர், பாதி தமிழும் பாதி தெலுங்குமாக. ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம்.

எனக்கு அவ்வளவு போதும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது. அன்றைக்கே பஸ் ஏறிப் போய், கடை வாசலில் நின்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லாரிக்கு அடியில் போயிருப்போம், தெரியுமா என்றேன். அவர் எழுந்து நின்று, "ரப்பர் புதுசும்மா. நல்ல ரப்பர். நான் என் கையால போட்டது" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"காணிப்பாக்கத்துல முழுகிட்டு இதைச் சொல்லுவியா?"

அந்த வார்த்தை சாதாரண வார்த்தை இல்லை. எங்கள் ஜில்லாவில் கோர்ட்டுக்குப் போகாத சண்டை காணிப்பாக்கத்துக்குப் போகும். பிள்ளையார் கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதியில் நின்று பொய் சொன்னவர் விளங்க மாட்டார் என்பது நம்பிக்கை. அங்கே வா என்று ஒருவரைக் கூப்பிட்டால், நீ திருடன் என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். வயதில் பெரியவரை ஒருமையில் வேறு கூப்பிட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "வரேம்மா. எந்தக் கெழம?" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றேன். வீட்டில் இவர் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ரப்பருக்காக ஒரு மனுஷனை சாமி முன்னாடி நிக்க வெப்பியா? நான் வர மாட்டேன்." நான் தனியாகவே போனேன்.

கடையை மூடிவிட்டு, திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அவர் எனக்கு முன்பே குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் போனதும் எழுந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீயும் முழுகணும்மா" என்றார்.

"நான் எதுக்கு?"

"நான் குடுத்தது நல்ல சாமான்னு நான் சொல்லுவேன். குடுத்த சாமானை அப்பிடியே மாட்டினேன்னு நீ சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னாத்தான் அது சத்தியம். எங்க ஊர்ல அப்பிடித்தான்."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கென்ன பயம்? படியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். அவரும் அந்தப் பக்கம் முழுகினார். ஈரத்தோடு நடந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் அவர். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. முதுகெலும்பு தெரிந்தது. ஏதோ மாதிரி இருந்தது, ஆனாலும் விடவில்லை.

சந்நிதிக்குக் கொஞ்சம் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சாமி முன்னால் தடுமாறக் கூடாதே. சனிக்கிழமை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில்...

கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த அம்மாள் என் முதுகில் இடித்துக்கொண்டார்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா?"

"நில்லுங்க" என்றேன். அத்தனை நாளைக்குப் பிறகு மரியாதை தானாக வந்தது. "நீங்க சத்தியம் பண்ண வேணாம். எண்ணெய் ஊத்தினேன்."

"இன்னா எண்ணெய்?"

"நல்லெண்ணெய். சனிக்கிழமை இரும்பாச்சேன்னு. அபிஷேகம் பண்ணேன். மூடியைத் திறந்து மூணு கரண்டி."

அவர் என்னைப் பார்த்தார். வரிசை எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் தப்பு செய்துவிட்டு மற்றவனைக் காட்டிக் கொடுக்கிற பிள்ளைகளை எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! அங்கேயே, அத்தனை பேர் நடுவில், எல்லாவற்றையும் கொட்டினேன். வண்டி நாலு கதவு இல்லை என்பதை, இவர் கண்ணை, இரண்டு மாதக் கெடுவை, ஏழரைச் சனியை. மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயாவுக்குக் கண்ணுன்னு மொதல்லியே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். அவ்வளவுதான். திட்டு ஒன்றும் இல்லை. வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே, "செக்கெண்ணெயா, பாக்கெட்டா?" என்று கேட்டார்.

"செக்குங்க."

"அதான் ரப்பர் நல்லா துன்னுட்டு ஊதிக்கீது" என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். இருவரும் ஈரத்தோடு பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். சத்தியம் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் திருப்பதி பஸ்ஸில் ஏறுவார் என்று பார்த்தால், "வண்டி எங்க கீது? பாக்கணும்" என்று என்னோடு சித்தூர் பஸ்ஸில் ஏறினார். வீட்டில் இவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷம் நான் திட்டியதற்கெல்லாம் அந்த ஒரு பார்வை பதில். பிறகு இரண்டு ஆண்களும் காருக்கு அடியில் போய்விட்டார்கள்.

கடைக்காரர் வெளியே வந்து சொன்னது எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. எண்ணெய் சிலிண்டரோடு நிற்கவில்லை. குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போயிருக்கிறது. எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும், எல்லாக் குழாயையும் கழுவ வேண்டும். டெஸ்ட்டுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். அந்த வண்டியின் ரப்பர் இந்தியாவில் எங்கேயும் கிடையாது.

"பேரு கெடையாது. அளவு கெடைக்கும்" என்றார்.

மறுநாள் முதல் அவர் இரும்பு அளவுகோல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தினம் சித்தூர் வந்தார். பழைய ரப்பர் இருந்த துளைகளை அளந்து, பீடி அட்டையில் எழுதிக்கொண்டு, லாரி சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவே இல்லை. இத்தனை அகலம், இத்தனை தடிமன் என்றுதான் கேட்டார். பின் சக்கரத்துக்கானது ஒரு பழைய வேனின் கிளட்ச்சில் கிடைத்தது. சிலிண்டருக்கானது ஜீப்பினுடையது. முன் சக்கரத்து அளவு மட்டும் அகப்படவில்லை. காளஹஸ்தியில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கினார். எல்லாம் சேர்ந்தும் எங்கள் ஒரு மாத மளிகைக்கு ஆகவில்லை. மத்தியானம் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். ஒவ்வொரு நாளும் ரசத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து, "தாளிச்சது எந்த எண்ணெய்ம்மா?" என்று கேட்பார்.

கடையை மூடிவிட்டு வருகிறாரே, கூலி என்ன என்று கேட்டேன். "கூலின்னு பேசினா, அபிசேகக் கதைய திருப்பதி பூரா சொல்லிடுவேன்" என்றார். மெக்கானிக்கோடு சேர்ந்து குழாய் குழாயாகக் கழுவினார். டெஸ்ட்டுக்கு முந்தின நாள், பெடலைத் தன் காலால் நூறு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனார். அப்பேர்ப்பட்ட மனிதரை நான் குளத்தில் முழுக வைத்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

டெஸ்ட் அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பெரிய ரோடு வேண்டாம் என்று பழைய ரோட்டிலேயே மெதுவாகப் போனோம். நான் அவருடைய இடது கண். "ஆட்டோ வருது. மாடு. சைக்கிள்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். பூதலப்பட்டு தாண்டியது. துணிக் கூரையை மடித்து வைத்திருந்தோம். இவர் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். கல்யாணமான புதிதில் கேட்டது, அதன் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மூன்று விநாடி இருக்குமா?

பாகாலாவுக்கு முன்னால் இடப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஒரு பெண், அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு நாலு வயதுக் குழந்தை. நேராக வண்டிக்கு முன்னால்.

"ஏங்க!" என்று அலறினேன். அவர் மிதித்தார்.

வண்டி நின்றது. நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து, கோணாமல், இழுக்காமல் நின்றது. குழந்தையின் முழங்காலுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு கை போகும், அவ்வளவு இடம். இவர் காலை எடுத்தார். பிரேக்கும் விட்டது.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பயம் கோபமாக மாற ஒரு நொடி ஆயிற்று. எல்லா ரோட்டிலும் எல்லாரும் கத்துகிற அதே கத்தலைக் கத்தினாள். "கண்ணு தெரியலியா உனக்கு?"

வேறு நாளாக இருந்தால் நான் கீழே இறங்கியிருப்பேன். சந்திலிருந்து பார்க்காமல் வந்தது யார் என்று கேட்டிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் இவர் இன்ஜினை அணைத்தார்.

"தெரியலம்மா" என்றார். "நெஜமாவே தெரியல. மன்னிச்சுக்கோ."

டாக்டரம்மாவிடம்கூட அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சிரமம் என்பார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்து நின்றார்.

"இன்னும் பாதி வழி இருக்குதே" என்றேன். "நான் ஒழுங்கா பாத்துச் சொல்றேங்க. இனிமே கண்ணை எடுக்க மாட்டேன்."

"போதும். எறங்கு. நீ ஓட்டு."

ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போனவள்தான் நான், பிறகு அதை விற்றுவிட்டோம். இதை ஓட்டியதில்லை. உட்கார்ந்ததும் அவர் இருக்கையை முன்னால் தள்ளிக் கொடுத்தார், கியர் எங்கே எப்படி விழும் என்று சொன்னார். பாகாலா வரை என் கண்ணில் நீர் நிற்கவில்லை. இந்த வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், அதில் ஒருவருக்குக்கூடச் சரியாகக் கண் தெரியவில்லை என்று அவர்தான் கிண்டல் செய்தார்.

திருப்பதிக்கு முன்னால், பைபாஸ் ஓரத்தில், அந்தக் கடை வாசலில் நிறுத்தினேன். எங்கள் ஹாரன் சத்தம் கேட்டு கடைக்காரர் வெளியே வந்தார். நான் வலப் பக்கத்திலிருந்தும் இவர் இடப் பக்கத்திலிருந்தும் இறங்குவதைப் பார்த்தார். என் கணவரிடம் போய், "பிரேக் எப்பிடிங்க ஐயா?" என்றார்.

இவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கொழந்தை பத்திரமா வீட்டுக்குப் போச்சுங்க" என்றார்.